தொட்டி இல்லாத வீட்டில் குழந்தைக் குளியல்

குழந்தையைக் குளிப்பாட்டுவது ஒரு பாடமாகுமா என்று சிலர் நினைக்கக்கூடும். பாட்டி தாய்க்கும் தாய் மகளுக்கும் வழிவழியாகக் கற்பித்து வந்துள்ள காரியம் இது. எனினும், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குக் கிராமத்து வீடுகளில் நேரும் கொடிய விபத்துகளுள் இரண்டு, குளியலிடத்தைச் சுற்றியே நேர்கின்றன. ஒன்று வெந்நீர்ப் புண். மற்றொன்று வாளியிலோ தொட்டியிலோ மூழ்குதல். இவ்விரண்டையும் முற்றிலும் தடுக்க முடியும். ஆதலின் இப்பாடம் தாய்மார்களுக்கு மட்டுமின்றி, வீட்டுத் தலைவர்களுக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உரியதாகும்.

நகரத்து நூல்கள் குழந்தைக் குளியலுக்கெனத் தனித் தொட்டியை வருணிக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களிலுள்ள குடியானவர் வீடுகளில் நாம் காண்பது, கொல்லைப்புறத்தில் ஒரு கல், மூன்று கல் அடுப்பின்மேல் ஓர் அண்டா, ஒரு வாளி, ஒரு சொம்பு ஆகியவையே. இவை போதும். தொட்டி இல்லை என்பது குறையன்று. தேங்கிய நீரில் குழந்தையை உட்கார வைப்பதைவிட, சொம்பால் மொண்டு ஊற்றிக் கழுவுவது தூய்மையானது. தண்ணீரும் குறைவாகவே செலவாகும்.

எந்தத் தண்ணீர்?

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது. மிகுந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். இக்குறையை நீக்கவே 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது.

அந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று தாய்மார்கள் கேட்கின்றனர். குளிப்பாட்டலாம். ஃபுளோரைடு தோலின் வழியாகக் குறிப்பிடத்தக்க அளவில் உடலுக்குள் செல்வதில்லை. வாயின் வழியாகவே செல்கிறது. எனவே காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கப் பயன்படுத்துவதே சிக்கனமான முறை. ஆனால், சொம்பை வாயில் வைத்துக் குளிக்கும் நீரைக் குடிக்கும் வழக்கத்தைக் குழந்தைக்கு உண்டாக்கலாகாது. நிலைத்த முன்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவம் இதுவே. இப்பருவத்தில் உட்செல்லும் ஃபுளோரைடு, ஏழு வயதில் முளைக்கும் பல்லில் கறையாகத் தோன்றும்.

காய்ச்சினால் இவ்வுப்பு போய்விடும் என்று எண்ணுவது தவறு. நீர் ஆவியாகக் குறையுமேயன்றி உப்பு குறையாது. காய்ச்சுதல் கிருமிகளையே அழிக்கும்.

வெந்நீரை விளாவுதல்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. முதலில் பச்சைத் தண்ணீரை வாளியில் ஊற்றுக. பிறகே வெந்நீரைச் சேர்க்க வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கச் செல்லும் அரை நிமிடத்தில்தான் குழந்தை வாளிக்குள் கைவிடுகிறது. குழந்தையின் தோல் மெல்லியது. 60 பாகை வெப்பமுள்ள நீர் சில விநாடிகளுக்குள் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும்.

சாதாரண நாட்களில் ஐந்து சொம்பு பச்சைத் தண்ணீருக்கு ஒரு சொம்பு கொதிநீர் போதும். மார்கழி, தை மாதங்களில் சித்தேரி, வத்தல்மலை போன்ற குளிர்ந்த மலையூர்களில் நான்கு சொம்புக்கு ஒன்று எனக் கொள்ளலாம். கலந்தபின் அடிவரை நன்கு கலக்கி, முழங்கையை நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். உழைத்துக் காய்த்த உள்ளங்கை சூட்டைச் சரியாக உணராது, முழங்கை உணரும். சூடென்றும் குளிர்ச்சியென்றும் தோன்றாத பதமே குழந்தைக்கு ஏற்றது. குழந்தை குளிக்கும்போது வாளியில் மேலும் வெந்நீர் சேர்த்தலாகாது.

தவறிச் சுட்டுவிட்டால், உடனே துணியைக் கழற்றி, சுட்ட இடத்தில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. மை, மாவு, எண்ணெய், பற்பசை எதையும் தடவலாகாது. பின் தூய துணியால் தளர மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. 108க்குத் தொலைபேசி செய்தால் வண்டி வரும்.

குளிப்பாட்டும் முறை

சோப்பு, துவாலை, மாற்றுடை யாவற்றையும் முன்னதாகவே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று வீசாத, வெயில் படும் இடம் நன்று. கல் வழுக்கினால் அதன்மேல் ஒரு பழந்துணியையோ கோணிச் சாக்கையோ நனைத்து விரிக்கலாம்.

கைக்குழந்தையை நீட்டிய கால்களின்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். நடக்கத் தொடங்கிய குழந்தை அவ்வாறு கிடக்காது; திமிறும். அதனைத் தாழ்ந்த மணையிலோ கல்லிலோ உட்கார வைத்து, ஒரு கையால் அக்குளைப் பற்றிக்கொள்க. முதலில் கால்களில் நீரை ஊற்றிப் பழக்கினால் குழந்தை அஞ்சாது. முகத்தை ஈரத்துணியால் துடைத்து, பின் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு ஆகிய மடிப்புகளைக் கழுவ வேண்டும். மலத்துவாரத்தைக் கடைசியில், முன்னிருந்து பின்னாகக் கழுவுக. தலைக்கு இறுதியில் ஊற்றினால் குளிர் தாக்காது. ஊற்றும்போது நெற்றியில் கையை அணைபோல் வைத்தால் கண்ணில் நீர் இறங்காது.

உப்புநீரில் சோப்பு நுரைப்பதில்லை. நுரைக்கவில்லையென மேலும் மேலும் தேய்த்தால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். வாரத்தில் இரண்டொரு நாள் சோப்பும், மற்ற நாட்களில் பாசிப்பயற்று மாவும் போதும். ஒரு சிறு குழந்தைக்கு அரை வாளி முதல் முக்கால் வாளி நீருக்கு மேல் தேவைப்படாது. தண்ணீர்ப் பஞ்ச நாட்களில் ஈரத்துணியால் உடலைத் துடைத்து, கைகளையும் பின்புறத்தையும் மட்டும் சோப்பிட்டுக் கழுவினாலும் சுகாதாரம் கெடாது.

குளியல் நேரமே உடலைப் பரிசோதிக்கும் நேரமுமாகும். விரலிடுக்கில் கொப்புளமும் இரவில் அரிப்பும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். குழந்தைக்கு மட்டுமன்றி வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து போட்டாலன்றி அது தீராது.

விட்டொழிக்க வேண்டியவை

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், வாயால் ஊதிச் சளி எடுத்தல், தொண்டைக்குள் விரல் விடுதல், தலைகீழாகப் பிடித்து உலுக்குதல் ஆகிய வழக்கங்களைக் கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நோய் உண்டாக்கும். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலுக்குத் தீங்கு. தலையைத் துவாலையால் துவட்டுவதே போதும். உடலில் எண்ணெய் தடவிப் பிடித்துவிடுதல் நல்ல வழக்கமே. ஆனால் எண்ணெய்க் கையால் குழந்தையைத் தூக்கும்போது வழுக்கும் என்பதை மறத்தலாகாது.

ஒரு சாண் நீரும் ஆபத்தே

நடை பழகும் குழந்தைக்கு உடலின் அளவை நோக்கத் தலை கனமானது. வாளியை எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது, கூச்சலும் எழாது. ஒரு சாண் ஆழமுள்ள நீரே உயிரைப் போக்கப் போதுமானது. ஆதலின் குளியல் முடிந்தவுடன் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மாட்டுத்தொட்டி, தரைமட்டத் தொட்டி இவற்றுக்குக் கனத்த மூடி தேவை. யாரேனும் அழைத்தால் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு செல்க. நான்கு வயது அக்காளைக் காவல் வைத்துச் செல்வது காவலாகாது.

குளித்த நீர் எங்கே போகிறது?

கொல்லையில் தேங்கும் நீர் கொசுவை வளர்க்கும். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பெருங்கல்லும் மேலே சிறுகல்லுமாக நிரப்பினால் உறிஞ்சுகுழி ஆகும். குடிநீர்க் கிணற்றிலிருந்து தள்ளியே அதனை அமைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் சிறிது ஆழத்திலேயே பாறை தென்படும். அங்கே குழி பயன் தராது. நீரை வாய்க்காலிட்டு வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சுக. 2020இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம், வீட்டுக் கழிவுநீரை முறைப்படுத்துவதையும் தன் நோக்கமாகக் கொண்டது.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

2019இல் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை அளவாகக் கொண்டது. அந்நீர் கடைசித் தெருவுக்கும் சேருகின்றதா என்று பார்ப்பது அங்கத்தினர்களின் கடமை. குழாய்நீர் வராத நாளில் தாய் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பது அந்த உப்புநீரையே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளின் நீரைச் சோதிக்கச் செய்து, குடிக்கத் தகாதவற்றின்மீது, "குளிக்க, துவைக்க மட்டும்" என எழுதி வைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க மூன்று வினாக்கள்:

1. நம் ஊரில் மூடியில்லாத தொட்டிகள் எத்தனை? அவற்றை எந்தத் தேதிக்குள் மூடுவது?

2. ஒகேனக்கல் நீர் கிடைக்காத வீடுகள் எவை? காரணம் என்ன?

3. வெந்நீர் விளாவும் முறையையும் சுட்ட புண்ணுக்கான முதலுதவியையும் அங்கன்வாடியில் தாய்மார்களுக்குச் செய்து காட்ட எந்த நாள் வசதியானது?

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு மூடியும், கவிழ்த்து வைத்த ஒரு வாளியும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்குமெனில், அதனினும் மேலான கிராம அபிவிருத்தி வேறில்லை.