பெயோட்டிக் கள்ளி: ஒரு செடியின் பெயரும் வரலாறும்

ஒரு செடியை ஆராயப் புகுவோர் முதற்கண் அதன் பெயரைத் திருத்தமாக அறிதல் வேண்டும். பெயரில் நேரும் பிழை அறிவில் பிழையாக முடியும். அறிவில் நேரும் பிழை சில வேளைகளில் சட்டத்திலும் இடம்பெற்று, மக்களின் வாழ்வையே தாக்கும். இவ்வுண்மையை விளக்குவதற்கு வட அமெரிக்காவில் வளரும் பெயோட்டி என்னும் சிறு கள்ளியின் வரலாறு தக்கதொரு சான்றாகும். மனிதனின் காட்சியையும் உணர்வையும் சில மணி நேரம் மாற்றவல்ல மெஸ்கலின் என்னும் பொருள் இச்செடியில் உள்ளது. ஒரு சாரார் இதனைத் தெய்வமாகப் போற்றினர்; ஒரு சாரார் தீய சக்தியின் கருவி எனத் தூற்றினர்; விஞ்ஞானிகள் மூளையின் இயல்பை அறிய இதனைத் துணைக்கொண்டனர்.

விரைந்து படிப்போர் இப்பெயரைப் 'பேயோட்டி' என்று படித்துவிடக் கூடும். பேய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மெக்சிகோ நாட்டின் பழைய மொழியாகிய நாவாட்டிலில் 'பெயோட்டில்' என வழங்கிய சொல் ஸ்பானியர் நாவில் திரிந்து பெயோட்டி ஆயிற்று.

கள்ளி என்னும் சொல்

தமிழில் கள்ளி என்னும் சொல் இருவேறு தாவரக் குடும்பங்களைக் குறிக்கின்றது. வேலிகளில் காணப்படும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியன ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். சப்பாத்திக்கள்ளியோ உண்மையான கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சாறு நீர்த்தன்மை உடையது. அதன் முட்கள் பஞ்சு போன்ற சிறு திண்டுகளினின்று தோன்றுகின்றன. இத்திண்டே கள்ளிக் குடும்பத்தின் தனி அடையாளம்.

இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். மரங்களில் தொற்றி வளரும் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகின்றது. நம் நாட்டிலுள்ள சப்பாத்திக்கள்ளியும் வந்தேறியே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இதற்கெனத் தோட்டம் அமைத்தனர். இச்செடிக்கும் இக்கட்டுரையிற் கூறப்படும் பெயோட்டிக்கும் குடும்ப உறவு உண்டே தவிர, குணத்தில் ஒற்றுமை இல்லை.

செடியின் இயல்பு

பெயோட்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென் பகுதியிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் வளர்கின்றது. சுண்ணாம்புச் சத்து மிக்க வறண்ட நிலத்தில், முட்புதர்களின் நிழலில், தரையோடு தரையாக இது கிடக்கும். நீலம் கலந்த பச்சை நிறமுடைய இதன் தலை, மேற்புறம் தட்டையான சிறு பந்து போன்றது. இதற்கு முட்கள் இல்லை. முட்கள் இருக்கவேண்டிய இடத்தில் மென்மையான மயிர்க்குஞ்சங்களே உள்ளன. இவற்றைக் கருதியே, கொண்டை தாங்கி எனப் பொருள்படும் 'லோபோபோரா' என்னும் கிரேக்கப் பெயரைத் தாவரவியலார் இதற்குச் சூட்டினர். தரைக்குக் கீழே முள்ளங்கி போன்ற தடித்த வேர் இறங்கியிருக்கும்.

இச்செடி மிக மெதுவாக வளர்வது. விதையினின்று முளைத்த செடி இயற்கை நிலையில் முதிர்ச்சி அடையப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். செடியின் தலையை அறுத்து உலர்த்தினால் அது சுருங்கிப் பொத்தானின் வடிவத்தைப் பெறும். இத்துண்டுகளே சடங்குகளில் உண்ணப்படுகின்றன.

தொன்மை

டெக்ஸாஸில் ரியோ கிராண்டு ஆற்றை அடுத்துள்ள ஷும்லா குகைகளில் பழைய பெயோட்டித் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் எனக் கரிமக் கணிப்பால் தெரியவந்தது. அத்துணைக் காலம் கழிந்தும் அவற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் மெஸ்கலின் எஞ்சியிருந்ததை 2005 இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது.

மெஸ்கலின் பெயோட்டியில் மட்டும் உள்ளதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் தூண்போல் உயர்ந்து வளரும் சான் பெட்ரோ என்னும் கள்ளியிலும் இஃது உண்டு. பெரு நாட்டிலுள்ள சாவின் தே உவாந்தர் என்னும் பழம்பெரும் கோயிலின் கற்சிற்பம் ஒன்றில், தெய்வ உருவம் ஒன்று இக்கள்ளியைக் கையில் ஏந்தி நிற்கக் காணலாம்.

பெயர்க் குழப்பமும் தடைகளும்

மெக்சிகோவை ஸ்பானியர் கைப்பற்றியபின், அங்கிருந்த கத்தோலிக்க சமய விசாரணை மன்றம் 1620 இல் பெயோட்டியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆயினும் மலைகளிலும் பாலைகளிலும் வாழ்ந்த மக்கள் இதனைக் கைவிடவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் வடக்கே ஒக்லஹோமாப் பகுதியில் குடியமர்த்தப்பட்ட கையோவா, கமாஞ்சி முதலிய பூர்வகுடி மக்களிடையே பரவியது. அங்கிருந்த அரசாங்க உத்தியோகஸ்தர்கள் இதனை 'மெஸ்கல்' என்று குறிக்கலாயினர். மெஸ்கல் என்பது உண்மையில் கற்றாழை போன்ற வேறொரு செடியினின்று வடிக்கப்படும் மதுவின் பெயர். 'மெஸ்கல் அவரை' என்பதோ நச்சுத்தன்மையுடைய சிவந்த விதைகளைத் தரும் மூன்றாவதொரு செடி. மது, நச்சு விதை, பெயோட்டி ஆகிய மூன்றும் ஒரே பெயரால் வழங்கப்பட்டமையால், ஒன்றன் குற்றம் மற்றொன்றன்மேல் ஏற்றப்பட்டது. 1899 இல் ஒக்லஹோமாவில் இயற்றப்பட்ட சட்டம் 'மெஸ்கல் அவரை' என்னும் பெயரால் பெயோட்டியைத் தடுக்க முற்பட்டது. தடுக்கக் கருதிய செடி ஒன்று. சட்டத்தில் எழுதிய செடி மற்றொன்று. இச்சட்டம் 1908 இல் நீக்கப்பட்டது.

இக்குழப்பத்திடையே நேரிற் சென்று கண்டறிந்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மானிடவியல் ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் மூனி ஆவார். அவர் 1890ஆம் ஆண்டுகளில் கையோவா மக்களின் இரவு வழிபாட்டில் உடனமர்ந்து, அவர்தம் பாடல்களையும் முறைகளையும் குறித்துக்கொண்டார். 1918 இல் பெயோட்டியைத் தடைசெய்யும் மசோதா அமெரிக்கப் பாராளுமன்றத்தின் முன் வந்தபோது, இது களியாட்டமன்று, வழிபாடே என்று அவர் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டிலேயே ஒக்லஹோமாவில் 'அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபை' சட்டப்படி பதிவாயிற்று. அதற்கு மூனியின் ஆலோசனையும் துணைநின்றது. இதன் விளைவாக அவர் அம்மக்களிடையே சென்று தம் ஆராய்ச்சியைத் தொடர்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. கண்டதைக் கண்டவாறு கூறியதற்கு அவர் கொடுத்த விலை இதுவாகும். அவர் 1921 இல் காலமானார்.

ஆய்வுக்கூடத்தில்

ஜெர்மானிய மருந்தியல் அறிஞர் லூயி லெவின் 1880ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இச்செடியை இரசாயன ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். இதில் பல ஆல்கலாய்டுகள் உள்ளன. அவற்றுள் எது காட்சிகளைத் தோற்றுவிக்கின்றது என்பதே வினாவாக இருந்தது. லைப்சிக் நகரத்து ஆர்தர் ஹெப்டர் அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்து, முதலில் விலங்குகளிடத்தும் பின்னர்த் தம்மிடத்துமே சோதித்தார். 1897 நவம்பர் 23 அன்று ஓர் ஆல்கலாய்டின் உப்பை 150 மில்லிகிராம் அளவில் உட்கொண்டபோது, முழுச் செடியால் விளையும் காட்சிகள் அவருக்குத் தோன்றின. அதற்கு மெஸ்கலின் எனப் பெயரிட்டார். பழைய பெயர்க் குழப்பம் இங்கும் தொடர்ந்தது காண்க! பெயோட்டியிலுள்ள பொருள் இன்றளவும் மதுச்செடியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1919 இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஷ்பேத் இதனைச் செடியின் துணையின்றி ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1928 இல் ஹைன்ரிக் க்ளூவர், இதன் வயப்பட்டோர் காணும் வடிவங்கள் சில வகைகளுள் அடங்கும் என எடுத்துரைத்தார்: தேனடை போன்ற வலைப்பின்னல், சிலந்திவலை, குகைவழி, சுருள் என்பன அவை. காண்போர் வேறாயினும் வடிவங்கள் ஒத்திருத்தலால், அவை கண்ணும் மூளையும் அமைந்துள்ள முறையினின்றே எழுகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது.

1952 இல் ஹம்ப்ரி ஆஸ்மண்டு, ஜான் ஸ்மைதீஸ் என்னும் மருத்துவர்கள், மெஸ்கலினின் அமைப்பு நம் உடலிற் சுரக்கும் அட்ரினலினின் அமைப்பை ஒத்திருத்தலைச் சுட்டி, மனச்சிதைவு நோய்க்கும் இத்தகைய பொருள் ஒன்று காரணமாகலாம் எனக் கருதினர். அக்கருத்து நிலைபெறவில்லை, எனினும் மூளையின் இரசாயனத்தை ஆராயும் ஊக்கத்தை அது வளர்த்தது. 1953 இல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் மெஸ்கலினை உட்கொண்டு, தம் அனுபவத்தை அடுத்த ஆண்டில் நூலாக வெளியிட்டார். உள்ளத்தை வெளிப்படுத்துவது எனப் பொருள்படும் 'சைக்கடெலிக்' என்னும் சொல் இவ்விருவரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில் ஆஸ்மண்டால் ஆக்கப்பட்டதே.

உடலிலும் உள்ளத்திலும்

மெஸ்கலின் மூளையில் செரட்டோனின் என்னும் பொருளை ஏற்கும் வாயில்களுள் ஒரு வகையைத் தூண்டுகின்றது. உட்கொண்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தோன்றுதல் வழக்கம். கண்ணின் பாவை விரியும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். பின்னர் நிறங்கள் மிக ஒளிர்ந்து தோன்றும். மூடிய கண்ணில் வடிவங்கள் இயங்கும். காலம் நீண்டதுபோல் தோன்றும். இந்நிலை பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும்.

இது மதுவையும் அபினியையும் போல உடலை அடிமைப்படுத்துவதன்று. ஆயினும் தீங்கற்றது எனக் கொள்ளுதல் பெரும் பிழை. கடும் அச்சமும் மனக்குழப்பமும் நேரலாம்; அந்நிலையில் விபத்துகள் விளையலாம். இருதய நோய் உடையோருக்கும், தமக்கோ குடும்பத்தினருக்கோ மனநோய் உள்ளோருக்கும் அபாயம் மிகுதி. 2005 இல் வெளியான ஆய்வொன்று, நவாஹோ இனத்தவருள் வழிபாட்டில் நெடுங்காலம் பெயோட்டி உண்டவரிடத்து அறிவாற்றல் குறைவு காணப்படவில்லை எனத் தெரிவித்தது. ஒழுங்கும் மூத்தோர் கண்காணிப்பும் நிறைந்த வழிபாட்டைப் பற்றிய முடிவு அது; பிற சூழல்களுக்கு அதனைப் பொருத்துதல் முறையாகாது.

வழிபாடும் சட்டமும்

மெக்சிகோவின் மேற்கு மலைகளில் வாழும் விஹாரிக்கா மக்கள், பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள விரிகூட்டா என்னும் புனிதப் பாலைக்கு யாத்திரை செல்கின்றனர். மான், சோளம், பெயோட்டி ஆகிய மூன்றும் அவர்களுக்கு ஒரே தெய்வத்தன்மையின் வடிவங்கள். ஆதலின் முதலிற் காணும் பெயோட்டியை மானை வேட்டையாடுவதுபோல் அம்பெய்தே எடுப்பர். இந்த யாத்திரை வழி 2025 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

பூர்வகுடித் திருச்சபையாரின் வழிபாடு இரவு முழுவதும் கூடாரத்தினுள் நடைபெறுகின்றது. பிறை வடிவ மண் மேடை, நடுவே நெருப்பு, நீர் நிரப்பிய முரசு, பாடல், வேண்டுதல், விடியலில் பொது உணவு என்பன அதன் உறுப்புகள். மதுவை விலக்குதல் அவர்களின் நெறியாகும்.

1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை மெஸ்கலினை மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் வைத்தது. எனினும், தன் நாட்டில் காட்டுச்செடியாக வளர்வதைச் சிறு குழுவினர் மரபுவழிச் சடங்கில் பயன்படுத்துவாராயின், அதற்கு விலக்குக் கோரும் உரிமையை நாடுகளுக்கு அளித்தது. அமெரிக்காவில் 1990 இல் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1994 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிப் பூர்வகுடியினரின் சடங்கு உரிமையை நாடு முழுவதும் காத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் மெஸ்கலின் இடம்பெற்றுள்ளது.

அறுக்கும் முறையும் செடியின் எதிர்காலமும்

உரிமை கிடைத்தபின் செடியே அருகி வருவது இன்றைய கவலை. மேய்ச்சல் நிலத்திற்காகப் புதர்களை வேரோடு உழுதழித்தலும், களவாக அள்ளிச் செல்லுதலும், முறையற்ற அறுவடையும் இதற்குக் காரணங்கள். பச்சைத் தலையை மட்டும் தரைமட்டத்தில் அறுத்தால், எஞ்சிய பகுதியினின்று புதுத்தலைகள் முளைக்கும். கத்தி ஆழமாக இறங்கினால் வேர் அழுகிச் செடி மடியும். முறையாக அறுத்தாலும், போதிய ஆண்டுகள் இடைவெளி விடாவிடில் புதுத்தலைகள் சிறுத்துக்கொண்டே போகும். உயிரினப் பாதுகாப்புச் சங்கத்தார் இச்செடியை அழிவுக்கு இலக்காகக் கூடியவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளனர். பல ஆயிரம் ஆண்டு வழக்கம் ஒன்று, ஒரு கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்பதைப் பொறுத்து நிற்கின்றது.

களப் பணியாளர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? செடியின் பெயரைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதாமல், செடியைக் கண்டு எழுதுதல் வேண்டும். அதனைப் பயன்படுத்தும் மக்களிடம் உசாவாமல் அவர்தம் வழக்கத்தைப் பற்றி முடிவுகட்டுதல் கூடாது. உத்தியோகஸ்தர் பலர் தவறிய இடத்தில் மூனி தவறாமைக்குக் காரணம் இவ்வளவே.

மாணவர்களிடம் கேட்கத்தக்க வினாக்கள்

1. சதுரக்கள்ளிக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? (கள்ளிப்பாலைத் தொடாமல், பார்வையாலேயே கண்டறியச் செய்க.)

2. 'மெஸ்கல்' என்னும் ஒரு பெயர் மூன்று செடிகளைக் குறித்தமையால் விளைந்த தீங்கு யாது?

3. பல ஆல்கலாய்டுகளுள் காட்சிகளுக்குக் காரணமானது எது என்பதை ஹெப்டர் எம்முறையால் அறிந்தார்?

4. உங்கள் ஊரில் ஒரே பெயரால் வழங்கும் இரு வேறு செடிகள் உளவா? மூத்தோரைக் கேட்டு எழுதுக.