வன்னி வயலில் நின்ற இயந்திரமும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும்



கடந்த மாசி மாதம் கிளிநொச்சி தருமபுரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வன்னிக்குப் போன குடும்பங்களில் அதுவும் ஒன்று. தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் என்று எங்கள் ஆட்கள் வாழும் ஊர்கள் அந்தப் பக்கம் பல உண்டு. உங்களில் எத்தனையோ பேருக்கும் அங்கே அக்காவோ மாமாவோ இருப்பார்கள்.

நான் போன நேரம் அருவி வெட்டு. முன்பெல்லாம் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று அரிவாளால் வெட்டி, கட்டி, சூடு வைத்து, பிறகு சூடடித்து நெல் எடுப்பார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்து ஒரு ஏக்கரை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. அன்றைக்கு வந்த இயந்திரமோ வயலின் நடுவிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஒரு பெயாரிங் போய்விட்டதாம். ஓட்டி வந்த தம்பி இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார். மெக்கானிக் வேறு மாவட்டத்திலிருந்து வரவேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் இரவு மழை கொட்டியது. விளைந்த கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்ததைப் பார்த்துச் சித்தப்பா ஒன்றுமே பேசவில்லை. சித்திதான் சொன்னார்: "இவனுகளுக்கு ஓட்டத் தெரியுது. திறக்கத் தெரியலையேப்பா."

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முன்னால் உள்ள பற்கள் கதிரை வெட்டும். வெட்டிய கதிர் உள்ளே போய் ஒரு உருளையில் அடிபடும், நெல் உதிரும். காற்றாடி பதரையும் தூசியையும் ஊதித் தள்ளும், சல்லடை நெல்லைத் தனியாக்கும். ஸ்டோரில் வேலை செய்யும் அண்ணன்மார் இதைப் படித்தால் சிரிப்பார்கள். உருளை, காற்றாடி, சல்லடை எல்லாம் நம்ம ஸ்டோரிலும் இருப்பவைதானே! உருளைக்கும் அதன் கீழே உள்ள தட்டிக்கும் இடைவெளி குறைந்தால் நெல் உடையும். கூடினால் நெல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டு வைக்கோலோடு போய்விடும். காற்று கூடினால் நல்ல நெல்லும் சேர்ந்து பறக்கும். ஈர நெல்லுக்கு ஒரு அளவு, காய்ந்த நெல்லுக்கு ஒரு அளவு. வாடிய கொழுந்தைக் கையால் தொட்டுப் பார்த்து ரோலரின் அழுத்தத்தை மாற்றுகிற ஆட்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரோதை முனிக்குப் படையல் வைத்துவிட்டு இயந்திரத்தைத் தொடுகிற பரம்பரை நாங்கள். நாட்டில் டிராக்டர் விற்பனைக்குப் பெயர்போன பிரவுண்ஸ் கம்பனி கூட 1875இல் தோட்டங்களின் இயந்திர வேலைகளுக்காகத் தொடங்கியதுதான்.

வன்னியில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் "லாண்ட் மாஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு இலங்கைப் பொறியியலாளர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ரே விஜேவர்தன என்பவர் (1924 - 2010). கேம்பிரிட்ஜில் படித்தவர். எங்கள் சிறு விவசாயிக்குப் பெரிய டிராக்டர் கட்டுப்படியாகாது என்று கண்டு, 1950களில் இந்தச் சிறிய இயந்திரத்தை வடிவமைத்தார். அதை இங்கிலாந்தில் லாண்ட் மாஸ்டர் என்ற கம்பனி செய்து பல நாடுகளுக்கு விற்றது. இன்னொரு விசயம். பிற்காலத்தில் இந்த இயந்திர உழவு மண்ணுக்கும் விவசாயிக்கும் உண்மையில் நன்மைதானா என்று அவரே கேள்வி கேட்டார். சரிவு நிலத்தில் மண் கரையாமல் காப்பது, கிளிரிசீடியா வளர்ப்பது என்று அந்தப் பக்கம் திரும்பினார். தான் செய்ததையே திருப்பிப் பார்க்க ஒரு துணிச்சல் வேண்டும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அவருடைய கேள்வி நன்றாகவே விளங்கும்.

இன்றைக்கு என்ன நிலை? பெரிய அறுவடை இயந்திரங்கள் ஜப்பான், தாய்லாந்து, சீனா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன. சிவப்பு நிற மெசி பேர்குசன் டிராக்டர் பல, சென்னையில் 1960இல் தொடங்கிய டாபே கம்பனி செய்தவை. நெல்லுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் வவுனியா உழுந்தையும் முல்லைத்தீவுக் கச்சானையும் இன்னும் பெரும்பாலும் கையால்தான் பிடுங்குகிறார்கள். வெயிலில் குனிந்து நிற்பது அநேகமாகப் பெண்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரனுக்கு ஏற்ற சின்ன இயந்திரத்தை வெளிநாட்டுக் கம்பனி நமக்காக யோசித்துச் செய்யாது. அதை இங்கே உள்ள ஒருவர்தான் செய்யவேண்டும்.

இயந்திரம் வந்தால் வேலை போகுமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொய் சொல்ல மாட்டேன், போகத்தான் செய்யும். சித்தி இளம் வயதில் அருவி வெட்டுக்குப் போய் உழைத்தவர், அந்தக் கூலி இப்போது இல்லை. எங்கள் மலையிலும் கொழுந்து வெட்டும் இயந்திரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குத்தான் சொல்கிறேன், அதைத் திருத்தத் தெரிந்தவரும் எங்கள் லயத்தில் இருக்கட்டும்.

பெற்றோர் இதற்குச் சம்மதிப்பதில்லை. "அவுக அப்பா ஸ்டோர்ல எண்ணெய்க் கையோட நின்னது போதாதா சார்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் நானும் அதையே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் டிவிசனில் ஒரு பையன் பழுதான தண்ணீர் மோட்டாரைத் தானாகவே கழற்றிப் பூட்டினான். ஓ.எல். பாசும் பண்ணியிருந்தான். அவனைக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பிவைத்தது நான்தான். இன்றும் அங்கேதான் நிற்கிறான். தீபாவளிக்கு வரும்போது என்னைக் கண்டால் மரியாதையாகப் பேசுவான், எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

இப்போது வழி இருக்கிறது. ஏ9 வீதியில் கிளிநொச்சி நகருக்குத் தெற்கே அறிவியல் நகர் என்று ஒரு இடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் அங்கே தொடங்கியது. 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பித்து, போரினால் இடம்பெயர்ந்த விவசாய பீடமும் திரும்ப அங்கே வந்துவிட்டது. அதில் விவசாயப் பொறியியலுக்கென்றே தனித் துறை உண்டு. 2016இல் திறந்த இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத்தோடு விவசாய இயந்திரத் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஏ.எல்.லில் கணிதப் பிரிவு எடுத்தால்தான் இந்தப் பக்கம் போகலாம் என்று நினைக்கவேண்டாம். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் அதில் ஒரு பாடம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் என்.வி.கியூ. படிகள் உண்டு. நான்காம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஸ்டோரில் பத்து வருடம் பிட்டராக நின்று கையில் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லாதவர்கள் கவனியுங்கள். வேலையில் கற்ற அனுபவத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இதிலேயே இருக்கிறது. பெண் பிள்ளைகளும் தாராளமாகப் போகலாம். போகும் முன் விடுதி, செலவு, எந்த மொழியில் படிப்பு என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.எல். கணக்கும் விஞ்ஞானமும் தவறினால் மாத்திரம் கதவு பாதி மூடிவிடும். சித்தப்பாவின் பேரனும் அப்படித்தான், கணக்கில் தவறிவிட்டான். அன்றைக்கு அந்த மெக்கானிக் பெயாரிங்கைக் கழற்றும்போது சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து வெளிச்சம் பிடித்தவன் அவன். இந்த முறை கணக்குப் பாடத்தைத் திரும்ப எழுதுகிறான். எங்கள் தோட்டத்தில் அப்படி எழுதவேண்டிய பிள்ளைகள் இருந்தால், பெயரை நலன்புரி அறையில் கொடுங்கள். ஐந்து பேர் சேர்ந்தாலும் ஒரு மாஸ்டரைப் பிடித்து மாலை வகுப்பு வைக்கலாம்.