தரையில் படரும் களைகளை இனம் காணுங்கள்

ஒரு மழை பெய்ததும் தோட்டக்காலில் பாய் விரித்தாற்போல் செடிகள் படர்ந்துவிடும். தூர நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றே எனத் தோன்றும். ஆனால் பருப்புக்கீரை, சாரணை, மூக்கிரட்டை ஆகிய மூன்றையும் ஒழிக்கும் முறை வெவ்வேறு. எனவே களைக்கொத்தை எடுக்குமுன் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

பருப்புக்கீரை: தண்டு வழவழப்பாகவும் செந்நிறமாகவும் இருக்கும். சதைப்பற்றுள்ள இலைகள் கிளை நுனியில் கொத்தாக அமையும். பூ மஞ்சள் நிறம். வெட்டிய துண்டுகள் ஈர மண்ணில் வேர்விடும். ஆகையால் களையெடுத்ததை வயலிலேயே போடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

சாரணை: எதிரெதிரான இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. பூக்கள் இலைக்காம்பின் அடியுறையில் பாதி மறைந்திருக்கும். இது விதையால் பெருகுவது. பூக்குமுன் களைவது அவசியம்.

மூக்கிரட்டை: இதிலும் இலை ஜோடி சமமாக இராது, ஆனால் இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் மெல்லிய காம்புகளில் வெளியே நீட்டி நிற்கும். காய்கள் வேட்டியில் ஒட்டும். வேர் தடித்தது. மேலாகச் செதுக்கினால் மீண்டும் துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது வேரைத் தோண்டி எடுக்க வேண்டும்.

கீரை பறிப்போரும் கவனிக்க வேண்டும். கிள்ளியதும் பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று. சித்திரப்பாலாடை போன்ற வேறு செடியாகும். முற்றிய சாரணை இலையை உண்டால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். ஐயமுள்ள செடியைச் சமைக்கக் கூடாது. வேர், பூ, காய் உள்ள செடியொன்றை அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டித் தெளிவு பெறுவது நலம்.