இணுவிலை இணுவில் என்றே எழுது

அன்புள்ள பெறாமகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. அப்பாச்சி வீட்டை வெளியூர்ச் சனத்துக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாய் என்று கேட்டுச் சந்தோசம். நீ வட்ஸ்அப்பில் அனுப்பின விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தேன். போனில் பதில் எழுதப் போனால் விரல் ஒன்று நினைக்க அது வேறொன்று எழுதுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் இங்கிலீஷில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசித்தவன் எங்கள் வீட்டை எந்த ஊரில் போய்த் தேடுவான் என்றுதான் விளங்கவில்லை. 'யாழ்ப்பாணத்தின் இதயத்தில் ஓர் அமைதியான சொர்க்கம்' என்று தொடங்கியிருக்கிறாய். கோட்டைக்குப் படம், நூலகத்துக்குப் படம், நல்லூருக்குப் படம். நெடுந்தீவுக் குதிரைக்குக்கூட ஒரு படம். வீட்டுக்கு மூன்றே மூன்று, அதிலும் ஒன்று தலையணையில் வைத்த செவ்வரத்தம்பூ. பிள்ளை, யாழ்ப்பாணத்தில் அறை தேடுகிறவன் இங்கே வருவதென்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான். ஊரை அவனுக்கு நீ விற்கத் தேவையில்லை. வீடு எப்படி, எப்படி வந்து சேருவது, விடியப்புறம் நாலரைக்குக் கொழும்பு பஸ்ஸால் இறங்கினால் படலையை யார் திறப்பார்கள், இவைதான் அவனுக்குத் தெரிய வேண்டியவை. இதில் ஒன்றுக்கும் உன் எழுத்தில் பதில் இல்லை.

முதலில் ஊர்ப்பெயர். இணுவிலை இணுவில் என்றே எழுது. பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் ஆறேழு கிலோமீற்றர் என்று எழுதினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறாய். பட்டினத்தில்தான் தங்க வேணும் என்று நினைக்கிறவன் வராமல் விடுவதே நல்லது. வந்தால், இரவு எட்டு மணிக்குப் பிறகு ஓட்டோவுக்குக் காசு கொடுத்துக் களைத்து, போகும்போது உனக்கு இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவான். எங்களுக்கும் ஒரு வாய்ப்பான பக்கம் இருக்கிறது, அதை நீ எழுதவே இல்லை. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறந்து, கொரோனாவோடு சென்னை விமானம் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்ரோபரில் கப்பல் தொடங்கியது. காற்று மழைக் காலத்தில் அது நிற்பதும் உண்டு. இந்த இரண்டு வழியால் வருகிறவனுக்கும் பட்டினத்தை விட நாங்கள் கிட்ட. கீரிமலைக் கேணிக்கும் நகுலேஸ்வரத்துக்கும் அப்படித்தான். தீவுப்பகுதிதான் எங்களுக்குத் தூரம். குறிகட்டுவான் இறங்குதுறைக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேணும். அங்கிருந்து நயினாதீவுக்குக் கொஞ்ச நேரம், நெடுந்தீவுக்குப் படகில் இன்னும் ஒரு மணித்தியாலம். 'நெடுந்தீவுக்குப் போவதானால் அந்த நாளில் வேறொன்றும் வைக்காதீர்கள், விடியவே வெளிக்கிடுங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் குதிரைப் படத்தை விட அது பிரயோசனம்.

தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் எழுதாதே. எதில் வந்தால் எவ்வளவு நேரம் என்று எழுது. ஸ்டேசனைப் பற்றியும் கவனம். இணுவிலில் ஸ்டேசன் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. எது நிற்கும் என்று ஸ்டேசனிலேயே போய்க் கேட்டு எழுது. கூகுள் வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை கந்தையாவின் வளவுக்குள்ளால் போவது மாதிரிக் காட்டுகிறது. அதனால் பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்புவது, எத்தனையாவது படலை, படலை என்ன நிறம் என்று மூன்று வரி எழுதி, ஒழுங்கை முகப்பை ஒரு படமும் எடுத்துப் போடு.

இனி யார் வருவார்கள் என்று பார். நல்லூரில் நான் வாடகைக்கு விட்ட அறைகளில் வந்து தங்கினவர்களை வைத்துச் சொல்கிறேன். ஆடி ஆவணியில் வருவது அநேகமாக எங்கள் ஆட்கள்தான்: ரொறன்ரோ, லண்டன், சுவிஸ். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. இவர்கள் அழகான வர்ணனை ஒன்றையும் வாசிப்பதில்லை. ஏசி எத்தனை அறையில், கொமோட் இருக்கிறதா, குசினியைப் பாவிக்கலாமா, மாமி ஆட்கள் பத்துப் பேர் பார்க்க வந்தால் கதிரை இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தப் பத்துப் பேர் நிச்சயம் வருவார்கள். இரவு தங்காமல் பார்க்க வருகிறவர்களுக்குத் தடையில்லை என்றோ, இத்தனை மணிக்கு மேல் வேண்டாம் என்றோ முன்கூட்டியே எழுது. வாசலில் வைத்துச் சொன்னால் அது சண்டை. தேர் இருபத்துநாலாம் நாள். அன்றைக்குக் கோயிலைச் சுற்றின வீதிகள் வாகனத்துக்குப் பூட்டு. 'தேரன்று விடியக் காலமே ஓட்டோ ஒழுங்கு செய்து தருவோம், கடைசிக் கொஞ்சத் தூரம் நடக்க வேணும், ஆண்கள் உள்ளே போக மேல்சட்டை கழற்ற வேணும்' என்று எழுதினால் ரொறன்ரோப் பெடியனுக்கு உதவும்.

தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வருகிற சிங்களக் குடும்பங்கள் இன்னொரு வகை. வான் பிடித்துப் பத்துப் பதினைந்து பேராக வருவார்கள், ஓர் இரவு நிற்பார்கள். வானை எங்கே விடுவது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய வான் திரும்பாது, அதை எழுது. சிங்களத்தில் ஒரு பந்தி போடு. இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே போடாமல், சிங்களம் தெரிந்த ஒருவருக்குக் காட்டிப் போடு. உன் இங்கிலீஷையும் நாளைக்குப் பிரெஞ்சுக்காரனுக்கும் ஜேர்மன்காரனுக்கும் இயந்திரம்தான் மாற்றிக் கொடுக்கப்போகிறது. 'அமைதியான சொர்க்கம்' அங்கே போய் என்னவாகுமோ தெரியாது, 'இரண்டு அறை, இரண்டு கட்டில், நுளம்பு வலை உண்டு' என்பது எந்த மொழிக்குப் போனாலும் கெடாது.

அடுத்தது நீ மறைத்த விசயங்கள். வீடு நாற்சார் வீடு. நடு முற்றம் திறந்த முற்றம். கார்த்திகை மார்கழி மழைக்கு விறாந்தை ஓரம் நனையும். குளியலறை வீட்டுக்கு வெளியே, பின் விறாந்தையால் இறங்கிப் பத்து எட்டு நடக்க வேணும். நிலைக்கதவுகள் தாழ்வு, உயரமான ஆட்கள் குனிய வேணும். இதையெல்லாம் குறை என்று நினைத்து விட்டுவிட்டாய். முட்டு வலிக்காரர் ஒருவர் இரவு மூன்று மணிக்கு அந்தப் படியில் இறங்கும்போதுதான் அது குறை. முன்னமே தெரிந்திருந்தால் அவர் வேறு வீடு பார்த்திருப்பார். நாற்சாரைத் தேடி வருகிறவனோ அந்த முற்றத்துக்காகவே வருகிறான். ஒரே வரி இரண்டு பேருக்கும் உதவும்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் எழுது. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிற ஊர். கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் சரியாக நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளை படியும். கொழும்பிலிருந்து வருகிறவன் இதைக் கண்டு அழுக்கு என்று நினைப்பான். 'வன்னீர், குளிக்க நல்லது, குடிக்க வடிகட்டின தண்ணீர் மேசையில் வைத்திருக்கிறோம்' என்று போட்டால் சரி. இன்னொன்றும் இருக்கிறது. இணுவில் என்று தேடினால் பக்கத்துச் சுன்னாகம் வரும், சுன்னாகம் என்றால் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதையும் வரும். 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்ன வழக்கு அது. படித்த விருந்தாளி கட்டாயம் கேட்பான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து அறிக்கையை எடுத்து வை. கேட்டால் அதைக் காட்டு. 'அதெல்லாம் பழைய கதை' என்று வாயால் சொல்லிச் சமாளிக்காதே.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வரி. கோயில் லவுட்ஸ்பீக்கர் விடியப்புறம் தொடங்கும், திருவிழாக் காலத்தில் இரவிலும் மேளம் கேட்கும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரில் அமைதி விற்கிறாய் நீ! மேளச்சத்தத்தை அதற்குரிய மரியாதையோடு சொன்னால் அதைக் கேட்கவென்றே வருகிறவனும் இருப்பான். நித்திரை வேணும் என்கிறவனுக்குப் பின்னறையைக் கொடு.

'போரின் வடுக்களைத் தாங்கி நிற்கும் வீடு' என்று ஒரு வசனம் எழுதி, தெற்குச் சுவரின் ஷெல் பட்ட இடத்தைப் படமும் எடுத்து வைத்திருக்கிறாய். இரண்டையும் எடுத்துவிடு. இதில் மட்டும் நான் கண்டிப்பு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது அப்பாச்சி பூட்டிக்கொண்டு போன வீடு இது. திரும்பி வந்து பார்த்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை. அதை ஏசி, வைபை, காலைச் சாப்பாடு என்கிற வரிசையில் வைக்கிறாயா? விருந்தாளி இரவு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது தானாகக் கேட்டால் சொல். எவ்வளவு சொல்வது என்பது உன் விருப்பம். சுவரைப் பூசி மறைக்கவும் வேண்டாம், விளம்பரத்தில் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். வருகிறவர்களில் பாதிப் பேர் அதே வீதியால் நடந்துபோன சனம், அவர்களுக்கு நீ படம் காட்டத் தேவையில்லை.

படம் என்றதும் இதையும் சொல்ல வேணும். நீ விளம்பரம் போடப்போகிற ஏர்பிஎன்பியைத் தொடங்கின பெடியள் 2009இல் யாவாரம் நடக்காமல் நியூயோர்க்குக்குப் போய், வீடு வீடாக ஏறித் தாங்களே நல்ல கமராவால் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் கொம்பனி நிமிர்ந்ததாம். படத்துக்கு அவ்வளவு பெறுமதி. காலை எட்டு மணிக்கு முன்னம் எடு, முற்றத்து வெளிச்சம் அப்போதுதான் பதமாக இருக்கும். ஒவ்வொரு அறையையும் மூலையில் நின்று எடு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பெட்டி வைக்க எவ்வளவு இடம் என்று தெரிய வேணும். குளியலறைக்கு இரண்டு படம். சுவிச்சும் பிளக் பொயின்ரும் தெரிகிற மாதிரி ஒன்று, சென்னைக்காரனுக்கு வேறு பிளக் தேவைப்படும். அகன்ற லென்ஸ் போட்டு அறையை மண்டபம் ஆக்காதே. பூவை எடுத்துவிட்டுத் துவாயை வை.

தொடக்கத்தை நானே எழுதிப் பார்த்தேன். நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள்:

'இணுவிலில் எண்பது வருடத்துக்கு மேற்பட்ட நாற்சார் வீடு. இரண்டு அறை, ஐந்து பேர். ஓர் அறையில் ஏசி, மற்றதில் ஃபான். திறந்த முற்றம், கிணறு, மாமரம் இரண்டு. குளியலறை வெளியே, பத்து எட்டு. யாழ் நகருக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். பக்கத்து வளவில் வீட்டுக்காரர் இருக்கிறோம், விடியப்புற பஸ்ஸுக்கும் எழும்பிக் கதவு திறப்போம். சைவச் சாப்பாடு முதல் நாள் சொன்னால் கிடைக்கும். கோயில் மேளம் கேட்கும்.'

இதில் 'அழகான', 'அற்புதமான' ஒன்றுமில்லை. மாமரத்தைப் பற்றி மட்டும் கீழே ஒரு வரி கூட்டலாம்: கறுத்தக்கொழும்பான், காய்க்கிற காலத்தில் வந்தால் நீங்களே பிடுங்கலாம். அதைப் படித்து ஆசைப்படாத யாழ்ப்பாணத்தான் கனடாவில் இருப்பானா?

சாப்பாட்டில் ஒளிவுமறைவு வேண்டாம். அம்மா வீட்டுக் குசினிக்குள் மச்சம் விடமாட்டா என்றால் அதை எழுது. வெளியில் வாங்கிவந்து முற்றத்தில் சாப்பிடலாமா, அதுவும் கூடாதா என்பதையும் அவவிடம் கேட்டுத் தீர்மானம் எடுத்து எழுது. நண்டுக்கறி தேடி வருகிறவனுக்குக் கடையைக் காட்டு. ஒடியல் கூழ் காய்ச்சித் தருவோம் என்று போட்டிருக்கிறாய். மச்சம் இல்லாமல் என்ன கூழ் அது? அதை எடுத்துவிட்டு இடியப்பமும் சொதியும் சம்பலும் என்று போடு, அம்மாவின் சொதிக்கு நான் உத்தரவாதம்.

அலுவலக விசயம் இரண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவு செய். பிரதேச சபை அலுவல் சுன்னாகத்தில், அதை முதலில் முடி. பதிவு இலக்கம் கிடைத்ததும் விளம்பரத்தில் போடு, வெளிநாட்டுக்காரர் அதைப் பார்ப்பார்கள். அப்பா முன் விறாந்தையில் பூட்டின கமரா படலையைப் பார்க்கிறது, அது இருக்கிறது என்று கட்டாயம் எழுத வேணும். வீட்டுக்குள் கமரா வைப்பதை 2024 ஏப்ரல் முடிவிலிருந்து ஏர்பிஎன்பி முற்றாகத் தடை செய்துவிட்டது. முற்றத்தைப் பார்க்கிற மற்றக் கமராவை இன்றைக்கே கழற்றச் சொல்.

ஏர்பிஎன்பியில் விருந்தாளி உன்னைப் பற்றியும் நீ அவனைப் பற்றியும் எழுதுவது பதினாலு நாளுக்குள். இரண்டு பேரும் எழுதின பிறகோ நாள் முடிந்த பிறகோதான் இரண்டும் வெளியில் வரும். ஆகவே அவன் என்ன எழுதுவானோ என்று பார்த்துக்கொண்டிராமல் உள்ளதை எழுதிவிடு. குறை சொல்லி எழுதினவனுக்கு அன்றிரவே பதில் எழுதாதே. மற்ற நாள் எழுது, இரண்டு வரியில். அவன் சொன்ன குறை சரியானால் விளம்பரத்தில் அதற்கொரு வரி சேர், அடுத்தவன் அதையே திரும்பச் சொல்லமாட்டான்.

விலையை நீ குறைத்துப் போட்டிருக்கிறாய் என்பது என் எண்ணம், அதை நேரில் கதைப்போம். திருவிழாவுக்கு அறை தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னமே தேடத் தொடங்கிவிடுவார்கள். கொடியேற்ற நாளைப் பார்த்து அந்த இருபத்தைந்து நாளையும் இந்தக் கிழமையே திறந்துவிடு. குறைந்தது மூன்று இரவு என்று போடு. படலைத் திறப்புக்கு இன்னொன்று வெட்டி என்னிடம் தா. நீ பள்ளிக்கூடத்தில் நிற்கிற நேரம் சென்னை விமானத்தில் யாராவது வந்து இறங்கினால் நான் சைக்கிளில் வந்து திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா