நுரை போனால் மக்கிவிட்டதாக ஆகுமா?

எங்கள் எப்போதும்வென்றான் பக்கம் கிணற்றுத் தண்ணி கடினத் தண்ணி. வேப்பெண்ணெய் கலக்க காதி சோப்பைக் கரைத்தால் திரிந்துவிடும். தண்ணியிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கட்டி கட்டியாக நாசிலை அடைக்கும். பூந்திக்கொட்டை ஊறவைக்க நேரமில்லாத நாளில் கடையில் ‘ஸ்டிக்கர்’ வாங்கி ஊற்றுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நானும் வாங்கியவன்தான். டேங்க் கழுவின தண்ணி பண்ணைக்குட்டையில் போய்ச் சேரும். ஆடு குடிப்பதும் அதைத்தான்.

இப்போது ‘சர்க்கரையிலிருந்து செய்தது’ என்று ஒரு வகை வருகிறது. பெயர் ஆல்கைல் பாலிகுளுக்கோசைட். தலை குளுக்கோஸ், வால் தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் கொழுப்பு ஆல்கஹால். கடினத் தண்ணியில் திரியாது. தண்ணியில் மக்குமா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தேன்.

ஒரே அளவில் மூன்று கண்ணாடிப் பாட்டில். இரண்டில் கண்மாய்த் தண்ணி, மூன்றாவதில் அதே தண்ணியைக் கொதிக்கவைத்து ஆற்றியது. முதலாவதிலும் மூன்றாவதிலும் லிட்டருக்கு இரண்டு சொட்டு சர்க்கரை வகை, இரண்டாவதில் பழைய ஸ்டிக்கர் இரண்டு சொட்டு. வாயைப் பஞ்சால் அடைத்து இருட்டறையில் வைத்து, தினமும் ஒரே மாதிரி குலுக்கி நுரையின் உயரத்தை அளந்தேன். ஒரு வாரத்துக்குள் முதல் பாட்டிலில் நுரை அடங்கியது. கொதித்த தண்ணியில் அப்படியே நின்றது. ஆக, வேலை செய்தது தண்ணியிலிருந்த நுண்ணுயிர்தான். பழைய ஸ்டிக்கர் மெதுவாகக் குறைந்தது.

ஆனால் இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தலையும் வாலும் பிரிந்தாலே நுரை போய்விடும். மிச்சத் துண்டுகள் தண்ணியிலேயே கிடக்கலாம். சில ஸ்டிக்கர்களில் இருக்கும் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் அப்படித்தான். நுரை போன பிறகு நோனைல்பீனால் மிஞ்சும், அது மீனின் உடலில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே அதற்குக் கட்டுப்பாடு போட்டது.

முழுசாக மக்கியதா என்பதை ஆக்சிஜன் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஓ.இ.சி.டி. 301 என்ற சோதனை முறைகளில் ‘மூடிய பாட்டில்’ என்று ஒன்று உண்டு. காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, கொஞ்சம் நுண்ணுயிரும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் பொருளும் விட்டு, 28 நாள் இருட்டில் வைப்பார்கள். சும்மா தண்ணி வைத்த பாட்டிலையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கழிப்பார்கள். பொருள் முழுதும் மக்கத் தேவையான ஆக்சிஜனில் 60 சதவீதமாவது செலவாகியிருந்தால் ‘எளிதில் மக்கும்’ என்பார்கள். பத்துக் கார்பன் வால் உள்ள டெசைல் குளுக்கோசைட் 1 கிராமுக்கு 2.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் விட்டால் 4.2 மில்லிகிராம், அதில் சுமார் 2.5 குறைந்தால் தேறியது. ஆல்கைல் பாலிகுளுக்கோசைட் இந்தச் சோதனையில் தேறும் வகை. கடையில் வாங்கும்போது 301 முடிவைக் கேளுங்கள், ‘தாவர மூலம்’ என்ற லேபிள் மட்டும் போதாது.

அந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மக்குவதற்கு ஆக்சிஜன் குட்டைத் தண்ணியிலிருந்துதான் போகிறது. கோடையில் தண்ணி வற்றி, சூடேறிக் கிடக்கும் குட்டையில் மீனுக்கே மூச்சு முட்டும். மக்கும்வரை அது மீனின் செவுளையும் பாதிக்கும். அதனால் சர்க்கரை வகையானாலும் டேங்கைக் குட்டைக்கரையில் நான் கழுவுவதில்லை. அலசின தண்ணியைத் தெளித்த வயலிலேயே, குட்டைக்கு வழியாத பக்கமாக ஊற்றிவிடுகிறேன்.