இடம் குறைந்த வீட்டில் பஞ்சுப் போர்வைக்கு இழையோட்டும் முறை

ரஞ்சன்குடிப் பக்கத்துச் சிற்றூர்களில் பருத்தி எடுப்புக் காலத்தில் கூடத்தில் பாதிக்குமேல் பருத்திக் குவியலே இடம் பிடித்துக்கொள்ளும். பஞ்சுப் போர்வை தைக்க விரும்பும் அங்கத்தினர் குடும்பங்களுக்குத் துணியும் குறைவன்று, பஞ்சும் குறைவன்று. விரிக்கத் தரையில்லாமையே இடையூறு.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் நிலைத் தையலுக்கு முன் நீண்ட தளர்தையல்களால் பிணைத்து வைப்பதையே இங்கு இழையோட்டுதல் என்கிறோம். இதில் அவசரப்பட்டால் அடித்துணி மடிந்து சுருங்கும். அச்சுருக்கமோ முழுவதும் தைத்துப் புரட்டிய பின்னரே கண்ணுக்குப் புலப்படும். பல நாள் உழைப்பைப் பிரித்தெறிய நேரும்.

முதலில் ஒன்று கூறவேண்டும். கஞ்சியேற்றிய புதுக் கைத்தறித் துணியை அலசி உலர்த்தாமல் சேர்க்கலாகாது. பலமுறை வெளுத்த பழஞ்சேலை இனிச் சுருங்காது, புதுத்துணி சுருங்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால் முதற் சலவையிலேயே போர்வை கோணும். நெசவாளர்களாகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, திண்ணையே போதும். போர்வையின் அகலத்தைவிடச் சற்று நீண்டனவாய், மூன்று அங்குல அகலமுள்ள தட்டையான பலகைகள் இரண்டு எடுத்துக்கொள்க. உருட்டுக் கழி ஓடிவிடும், பலகை நிற்கும். தறியில் நெய்த துணியை மரத்தில் சுற்றுவது போலவே, அடித்துணியை ஒரு பலகையிலும் மேல்துணியை மற்றொன்றிலும் சுருக்கமின்றி இறுகச் சுற்றுக. அடித்துணி நாற்புறமும் இரண்டு அங்குலம் மிகுந்திருத்தல் நலம். போர்வையின் அகலம் திண்ணையின் நீளவாட்டில் அமைய, அடித்துணியின் உட்புறம் மேல்நோக்க ஒன்றரை அடி விரித்து, அதன்மேல் பஞ்சுப் படலத்தைப் பரப்பி, மேல்துணியையும் அவ்வளவே விரிக்க. கையால் தடவிச் சமன்செய்க, இழுக்கவேண்டா. இழுத்த துணி பின்னர்த் தானே சுருங்கி மடிப்பு விழும்.

இரண்டு அங்குலத்திற்கு ஒரு தையலாக, நான்கு விரல் இடைவெளியில் வரிசைகளை ஓட்டுக. சிமெண்டுத் தளத்தில் ஊசிமுனை எழும்பாது. இடக்கையில் ஒரு தேக்கரண்டி வைத்து முனையை ஏந்தினால் எளிதில் மேலே வரும். தைத்த பகுதி திண்ணை விளிம்பில் மடிந்து இறங்க, பலகைகளைப் புரட்டி அடுத்த பகுதியை விரிக்க வேண்டியதே. வெள்ளை நூலே தக்கது; வண்ண நூல் சாயம் விடக்கூடும்.

ஊக்குகளால் பிணைப்பாரும் உளர். ஓரிரு நாளில் முடியும் வேலைக்கு அது சரி. மாதக்கணக்கில் தைப்போர் வீட்டில், ஐப்பசி மழை ஈரத்தில் ஊக்கு துருவேறிக் கறை படியும். நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் இழையோட்டாமலே ‘கவந்தி’ என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்வது அவர்கள் முறை. மடியில் வைத்தே தைத்துவிடலாம். பஞ்சிட்ட போர்வைக்கன்றிப் பழஞ்சேலை அடுக்குக்கு அது மிகவும் ஏற்றது.

நிலைத் தையல் முடிந்த பகுதியிலிருந்து மட்டுமே இழையோட்டிய நூலை உருவுக. விளிம்பிலுள்ள நூலை, ஓரம் மடித்துத் தைத்த பிறகே எடுக்கவேண்டும்.