கடல்மீன் தொட்டியில் உப்பு அளவு சரியா?
பவளம் வளரும் தொட்டிக்குக் கடலைப் போலவே ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி சுமார் 1.026. இதை அளக்கும் கருவி முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் என்றால், முள்ளில் ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் தட்டி நீக்கிவிட்டுப் பாருங்கள். குமிழி முள்ளைத் தூக்கி, உப்பைக் கூட்டிக் காட்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரை நான் அதிகம் நம்புவேன். ஆனால் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது, 35 அளவுள்ள சோதனைக் கரைசலிலும் சரிபாருங்கள். சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். பிறகு கண்ணாடியை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே மட்டம் இறங்கினால் உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். அளவு பிசகியிருந்தால் ஒரேயடியாகத் திருத்தாமல், சில நாட்களில் மெல்லக் கொண்டுவாருங்கள். திடீர் மாற்றத்தைப் பவளம் தாங்காது.